சான்றிதழ் வாங்கின ஆன்டிவைரஸ் இருந்தும் கணக்கு போயிடுச்சு, உதவி ப்ளீஸ்

தூங்காவிழி:
அவசரம். என் மெயில், இன்னொரு சோஷியல் மீடியா கணக்கு ரெண்டுலயும் யாரோ புகுந்துட்டாங்க. பாஸ்வேர்ட் மாத்தியும் திரும்ப வர்றாங்க. காசு கொடுத்து வாங்கின ஆன்டிவைரஸ், டெஸ்ட்ல 18க்கு 18. ஃபுல் ஸ்கேன்ல ஒண்ணும் சிக்கல. அப்புறம் எதுக்குங்க அந்த சான்றிதழ்?

மின்மினி:
எந்த விண்டோஸ்? கடைசியா என்ன இறக்கினீங்க? டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டோட கூடுதலா ஒரு கோடும் கேட்கிற பூட்டு) போட்டிருந்தீங்களா? பாஸ்வேர்ட் மாத்தினது அதே கம்ப்யூட்டர்லயா?

குறுக்குவிசை:
ரவுட்டர்ல டிஎன்எஸ் (தளத்தோட பேரை வச்சு அதோட முகவரியைத் தேடித் தர்ற அமைப்பு) மாத்தியிருப்பாங்க. நான் பார்த்த கேஸ்ல பாதி அதுதான். ரவுட்டரை ரீசெட் பண்ணுங்க.

மின்மினி:
அப்படின்னா பிரவுசர்ல "இந்தத் தளம் பாதுகாப்பில்ல"ன்னு செர்டிபிகேட் எச்சரிக்கை வந்திருக்குமே. அவர் முதல்ல பதில் சொல்லட்டும்.

பழையகாவலன்:
18 என்றால் என்ன என்று படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். அது ஆன்டிவைரஸ்களைச் சோதிக்கும் ஏவி-டெஸ்ட் நிறுவனத்தின் கணக்கு. பாதுகாப்புக்கு 6, கணினியின் வேகத்தைக் கெடுக்காமல் இருப்பதற்கு 6, நல்ல கோப்பைக் கெட்டது என்று கத்தாமல் இருப்பதற்கு 6. வைரஸைப் பிடிப்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான். இதை இங்கே பலமுறை எழுதியாயிற்று, தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை.

தூங்காவிழி:
விண்டோஸ் 11. டூ ஃபேக்டர் மெயில்ல மட்டும். பாஸ்வேர்ட் அதே கம்ப்யூட்டர்லதான் மாத்தினேன். ஒரு வீடியோ எடிட்டர் கிராக் (காசு கட்டாம ஓட்டுற திருட்டுப் பதிப்பு) இறக்கினேன், பாஸ்வேர்ட் போட்ட ஜிப். ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு நிறுவச் சொல்லி உள்ளே குறிப்பு இருந்துச்சு. அப்புறம் ஆன் பண்ணிட்டேனே?

மின்மினி:
அதுதாங்க. பாஸ்வேர்ட் போட்ட ஜிப்பை ஸ்கேனரால திறந்து பார்க்க முடியாது. பிரிக்கும்போது பிடிச்சிருக்கணும், அந்த நேரம் அது ஆஃப்ல இருந்துச்சு. தகவல் திருடும் மால்வேர் பிரவுசர் குக்கீயை (நீங்க லாகின் ஆகியிருக்கீங்கன்னு தளத்துக்குக் காட்டுற சின்னத் தகவல்) எல்லாம் அள்ளி அனுப்பிட்டு, பெரும்பாலும் தன்னையே அழிச்சுக்கும். ஸ்கேன்ல எதுவும் வராததுக்கு அதுவே காரணமா இருக்கலாம். லாகின் ஆகியிருக்கிற குக்கீ கையில இருந்தா டூ ஃபேக்டர் கோடே கேட்காது.

இப்பவே செய்யுங்க: வேற சுத்தமான ஃபோன்ல இருந்து "எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு" கொடுங்க. அதுக்கப்புறம் அதே ஃபோன்ல பாஸ்வேர்ட் மாத்துங்க, மெயில்தான் முதல்ல. அந்த கம்ப்யூட்டரைத் தொடாதீங்க, விண்டோஸை அழிச்சுப் புதுசா போடணும்.

வெண்பருத்தி:
சான்றிதழே காசு விளையாட்டு. 2015ல சீன ஆன்டிவைரஸ் நிறுவனம் சீஹூ 360 என்ன பண்ணாங்க? டெஸ்டுக்கு அனுப்பின பதிப்புல பிட்டிஃபெண்டர்ங்கிற வேற கம்பெனியோட வைரஸ் பிடிக்கிற எஞ்சின் ஆன், மக்களுக்குக் கொடுத்ததுல ஆஃப்.

பழையகாவலன்:
அதைக் கண்டுபிடித்தது யார்? ஏவி-கம்பேரடிவ்ஸ், ஏவி-டெஸ்ட், வைரஸ் புல்லட்டின் என்ற மூன்று சோதனை நிறுவனங்களும்தான். அந்த வருடம் கொடுத்த சான்றிதழ்களைத் திரும்பப் பெற்றதும் அவர்களே.

வெண்பருத்தி:
ஆனா டெஸ்டுக்கு நிறுவனங்கள்கிட்ட கட்டணம் வாங்குறாங்களே சார். பெரிய ஆன்டிவைரஸ் எல்லாமே 99 சதவீதத்துக்கு மேல பிடிக்குதுன்னா, அதை வச்சு நான் எதைத் தேர்ந்தெடுக்க?

மின்மினி:
அந்தக் கேள்வி நியாயம். முதல் வரிசையில இருக்கிறவங்களுக்குள்ள வித்தியாசம் ஒண்ணு ரெண்டு வைரஸ் சாம்பிள்தான், அதை வச்சு மாறிக்கிட்டே இருக்கத் தேவையில்ல. டெஸ்ட்ல தெரியிறது, பாதுகாப்பு ஆன்ல இருக்கும்போது அன்றைய கெட்ட லிங்க்கைத் தடுக்குதாங்கிறது. ஏவி-கம்பேரடிவ்ஸ்ல ஆன்டிவைரஸ் பயனர்கிட்ட "அனுமதிக்கவா?"ன்னு கேட்டா அதைத் தனியாவே கணக்கு வைப்பாங்க. ஆனா எந்த லேபும் ஆன்டிவைரஸை அணைச்சுட்டு கிராக்கை ஓட்டி மார்க் போடாது. நம்மள்ல ரொம்பப் பேர் மாட்டுறது அந்த இடத்துலதான். இதைப் படிக்கிற யாரும் "ஆஃப் பண்ணு"ன்னு சொல்ற எதையும் நிறுவாதீங்க, தயவுசெஞ்சு.

குறுக்குவிசை:
விண்டோஸ்லயே வர்ற டிஃபெண்டர் போதும், காசு வேஸ்ட்.

பழையகாவலன்:
டிஃபெண்டரையும் அணைத்துவிட்டால் அதுவும் இதே கதைதான். கேள்வியைப் படியுங்கள்.

வெண்பருத்தி:
லினக்ஸ் போட்டா இந்தத் தொல்லையே இல்ல.

மின்மினி:
அதுக்கு வேற இழை போடுங்க ப்ளீஸ், இவர் கணக்கு இன்னும் திறந்து கிடக்கு.

தூங்காவிழி:
ஃபோன்ல எல்லாத்தையும் வெளியேத்திட்டேன். மெயில் வந்துடுச்சு. இன்னொன்னு இன்னும் வரல. விண்டோஸ் போடப் போறேன், நன்றி.

மின்மினி:
பேக்கப்ல அந்த ஜிப் சேராம பார்த்துக்கோங்க. மெயில் செட்டிங்ஸ்ல உங்களுக்குத் தெரியாத ஃபார்வர்டிங் முகவரி, ரெக்கவரி நம்பர் ஏதாவது சேர்த்திருக்காங்களா?