ஈரல் ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள் என்னென்ன கேட்கணும்?

குடல்-ஈரல் பிரிவு ஓபியில் பணிபுரியும் செவிலியர்

மாஸ்டர் செக்கப்பில் "ஃபேட்டி லிவர் கிரேடு 2" (ஈரலில் கொழுப்பு படிவது) என்று வந்ததும் பலரும் கேட்கிற முதல் கேள்வி, "இது ஆபத்தான கிரேடா டாக்டர்?" அடுத்தது, "என்ன சாப்பிடலாம்?" இந்த இரண்டுக்கும் பதில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கேட்காமல் விடுவதுதான் முக்கியமான கேள்வி: "ஈரலில் வடு விழுந்திருக்கா? எந்த அளவுக்கு?" பின்னாளில் சிரோசிஸுக்கு, அதாவது ஈரல் முழுக்க வடுவாகிக் கெட்டுப்போகும் நிலைக்குக் கொண்டுபோவது அந்த வடுதான். ஸ்கேனில் போடும் கிரேடு, ஈரல் திரையில் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதைச் சொல்வதோடு சரி. கிரேடு 1 உள்ளவருக்கு வடு முற்றியிருக்கலாம், கிரேடு 3 உள்ளவருக்கு வடுவே இல்லாமலும் இருக்கலாம்.

வடுவைப் பற்றிய முதல் கணக்கைக் கையில் இருக்கும் ரிப்போர்ட்டை வைத்தே போடலாம். ஃபிப்-4 என்று பெயர். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் ரத்தப் பரிசோதனையில் வரும் ஈரல் என்சைம்கள். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். நம் ஊர் லேப்களில் பிளேட்லெட்டை லட்சத்தில் போடுவார்கள், 1.6 லட்சம் என்றால் கணக்கில் 160. ஒருவருக்கு 52 வயது, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் அதே 1.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 52 × 48 = 2496, கீழே 160 × 8 = 1280. விடை 1.95.

1.3க்குக் கீழே வந்தால் முற்றிய வடு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேல் போனால் ஈரல் நிபுணரைப் பார்த்தே ஆகணும். இடையில் வந்தால், "ஃபைப்ரோஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?" என்று நேராகக் கேளுங்கள். ஈரல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன் அது. 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 2.0. 35 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கை நம்ப முடியாது. டெங்கு மாதிரி காய்ச்சலில் பிளேட்லெட் இறங்கியிருக்கும்போது போட்டால் எண் தப்பாக ஏறும், அதனால் உடம்பு தேறிய பிறகு எடுத்த ரத்தத்தில்தான் போடணும்.

ஃபைப்ரோஸ்கேனுக்குக் குறைந்தது 3 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. டீ குடித்துவிட்டு வருபவர்கள் நிறைய பேர். சாப்பிட்டால் ஈரலுக்குப் போகும் ரத்த ஓட்டம் கூடி, இல்லாத விறைப்பைக் காட்டும். ரிப்போர்ட்டில் விறைப்பைச் சொல்லும் கிலோபாஸ்கல் எண்ணுக்குப் பக்கத்தில் ஐக்யூஆர் என்று ஒரு சதவீதம் இருக்கும், அளவீடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறின என்பதை அது சொல்லும். அது 30க்கு மேல் இருந்தால், "இந்த அளவீடு நம்பகமானதா, இன்னொரு முறை எடுக்கணுமா?" என்று கேட்கலாம். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் பொதுவாக நிம்மதி. பருமனானவர்களுக்குப் பெரிய ப்ரோப் (உடம்பில் வைத்து அளக்கும் கருவி) வேணும், அந்தச் சென்டரில் இருக்கா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பர்

சிஸ்டர் சொன்னதோடு லேப் பக்கத்து விஷயம் கொஞ்சம்.

எல்எஃப்டியில் (ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை) வரும் எல்லா எண்ணும் ஒரே கதையைச் சொல்வதில்லை. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் செல் சேதமாகிக் கசிவதைக் காட்டுபவை. ஈரல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுபவை அல்புமின் (ஈரல் தயாரிக்கும் புரதம்), பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி), தனியாக எடுக்க வேண்டிய பி.டி. ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரம்). சிரோசிஸ் முற்றியவருக்கு எஸ்ஜிபிடி 30 என்று நார்மலாகவே வரலாம், கசிவதற்குச் செல் மிச்சம் இருந்தால்தானே ஏறும். ஆகவே "எஸ்ஜிபிடி இறங்கிடுச்சு, சரியாயிடுச்சா?" என்று கேட்காமல், "அல்புமின், ஐஎன்ஆர், பிளேட்லெட் மூணும் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். லேப் அச்சடிக்கும் எல்லையையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பல இடங்களில் எஸ்ஜிபிடி 40, 50 வரை நார்மல் என்று போடுகிறார்கள். ஆண்களுக்கு 33, பெண்களுக்கு 25 தாண்டினாலே கவனிக்கலாம் என்பது ஈரல் மருத்துவர்களின் கணக்கு.

எண் ஏறியதற்கு ஈரல் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். முந்தின நாள் ஜிம்மில் பாரம் தூக்கியிருந்தால் தசையிலிருந்தே எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஏறும், இறங்க ஒரு வாரம்கூட ஆகும். சந்தேகம் இருந்தால், "சிபிகே சேர்த்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள், அது தசைச் சேதத்தைக் காட்டும் டெஸ்ட். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்துபோனாலும் எஸ்ஜிஓடி ஏறும். "ஹீமோலைஸ்டு" என்று அடியில் குறிப்பு இருந்தால் மறுபடி கொடுத்துவிடுவதே நல்லது. ஏஎல்பி என்ற இன்னொரு என்சைம் மட்டும் ஏறியிருந்தால் அது எலும்பிலிருந்தும் வந்திருக்கலாம், ஈரல் பக்கத்து என்சைமான ஜிஜிடியும் பார்த்தால் பிரித்துச் சொல்லிவிடலாம்.

பிலிருபின் மொத்தம் 2.1, அதில் டைரக்ட் (ஈரல் பதப்படுத்திய பகுதி) 0.3, மற்றதெல்லாம் நார்மல். இப்படி வந்து மாதக்கணக்கில் காமாலைப் பத்தியம் இருந்தவர்கள் உண்டு. அதில் பெரும்பாலும் கில்பர்ட் என்ற பரம்பரை வாகு, நோயே இல்லை. விரதம் இருந்தால் அந்த எண் ஏறும், அதனால் பத்தியம் அதை இன்னும் மோசமாகக் காட்டும். இதற்கு நேர்மாறாக டைரக்ட், ஏஎல்பி, ஜிஜிடி மூன்றும் ஏறி, மலம் வெளுத்து, உடம்பு அரித்தால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "பித்தக்குழாய் அடைச்சிருக்கா, ஸ்கேனில் குழாய் விரிஞ்சிருக்கா?" இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஏறியே இருக்கிறது என்பது அந்த வரிசையைப் பார்த்தால்தான் தெரியும், அதைப் பார்த்துத்தான் டாக்டர் அடுத்த டெஸ்ட்டை முடிவு செய்வார்.

மருந்தாளுநர்

மாத்திரைச் சீட்டை மட்டும் எடுத்துப் போனால் போதாது. அட்டை, டானிக் பாட்டில், சூரணப் பொட்டலம், ஜிம் பவுடர் டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கேள்வி இது: "இதில் எது ஈரலைப் பாதிச்சிருக்கலாம்? எதை நிறுத்தணும், எதை நிறுத்தவே கூடாது?"

இரண்டாவது பாதி ரொம்ப முக்கியம். எஸ்ஜிபிடி ஏறியதைப் பார்த்ததும் கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துபவர்கள் பலர். லேசான ஏற்றத்துக்கு ஸ்டேட்டின் என்ற அந்த மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை, ஃபேட்டி லிவர் உள்ளவருக்கு மாரடைப்பு அபாயமும் சேர்ந்தே இருப்பதால் அது வேண்டியும் இருக்கும். டிபி மாத்திரை வேறு மாதிரி. அதைச் சாப்பிடும்போது வாந்தி, பசியின்மை, மஞ்சள் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போகணும்.

பாராசிட்டமால் பற்றித் தனியாகக் கேளுங்கள். சிரோசிஸ் உள்ளவருக்குப் பொதுவாக நாளைக்கு 2 கிராமுக்குள் என்பார்கள், அதாவது 650 மி.கி. மாத்திரை மூன்றோடு சரி. சளி மாத்திரைகளிலும் அதே மருந்து ஒளிந்திருக்கும், கூட்டிப் பாருங்கள். மூட்டுவலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகைகள் சிரோசிஸில் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக்கசிவையும் கொண்டுவரும்.

நாட்டு மருந்தைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று மறைக்காதீர்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் அழற்சி வந்தது நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்தது. கீழாநெல்லி குடித்தாலும் எத்தனை நாள், எதோடு கலந்து என்று சொல்லிவிடுங்கள்.

மதுப்பழக்க மறுவாழ்வு ஆலோசகர்

"எப்பவாவது" என்ற பதிலை வைத்து டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. கிராமில் சொல்லுங்கள். 180 மி.லி. குவாட்டர் 42.8 சதவீதம் என்றால் அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். 650 மி.லி. பீர் 5 சதவீதம் என்றால் 25 கிராம், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 40 கிராம். வாரத்துக்கு நான்கு குவாட்டர் 240 கிராம் ஆகிறது. ஆண்களுக்கு வாரம் 210, பெண்களுக்கு 140 தாண்டினால் அதை வெறும் ஃபேட்டி லிவராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைப் போல இரண்டு மடங்கு இருந்தால் டாக்டருக்கே குடியின் மேல் சந்தேகம் வந்துவிடும்.

மனைவி, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது உண்மையைச் சொல்ல வராது. "ரெண்டு நிமிஷம் தனியாப் பேசணும் டாக்டர்" என்று கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தினமும் குடிப்பவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி: "வீட்டிலேயே நிறுத்தலாமா, ஆஸ்பத்திரியில் சேர்ந்து நிறுத்தணுமா?" சட்டென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரக்கூடும், அது உயிருக்கே ஆபத்து.

உணவியல் ஆலோசகர்

சுருக்கமாக. ஃபேட்டி லிவர் என்றால், "எத்தனை கிலோ, எத்தனை மாசத்தில் குறைக்கணும்?" என்று கேளுங்கள். 80 கிலோ உள்ளவர் 6 கிலோ குறைத்தால் அழற்சி குறைய ஆரம்பிக்கும், வடு இளக 8 கிலோவாவது குறையணும்.

சிரோசிஸ் என்றால் கணக்கே வேறு. "ஈரல் கெட்டிருக்கு, கஞ்சி மட்டும் கொடு" என்பது தவறு, அப்படிக் கொடுத்தால் தசை கரையும். கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். படுக்கும் முன் ஒரு சிற்றுணவு கட்டாயம், விரதம் கூடாது. வயிற்றில் நீர் கோத்திருந்தால் நாளைக்கு உப்பு மொத்தமே ஒரு மட்டமான டீஸ்பூன். அப்பளம், ஊறுகாய், கருவாடு அதில் அடங்காது, தவிர்க்கணும்.

செவிலியர், மீண்டும்

இரண்டு விஷயம் விட்டுப்போச்சு.

ஹெச்பிஎஸ்ஏஜி (ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பதைக் காட்டும் டெஸ்ட்) பாசிட்டிவ் என்றால், "ஹெச்பிவி டிஎன்ஏ எவ்வளவு? இப்பவே மருந்து வேணுமா, கவனிச்சா போதுமா?" என்று கேளுங்கள். டிஎன்ஏ எண் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லும். வீட்டில் எல்லோரும் பரிசோதித்து, இல்லாதவர்கள் ஊசி போட்டுக்கணும். கர்ப்பிணி என்றால், குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (தயார் எதிர்ப்பொருள் ஊசி) போட ஏற்பாடு இருக்கா என்று இப்போதே உறுதி செய்யுங்கள். பிற்காலத்தில் ஸ்டீராய்டு, கீமோ எது தொடங்கினாலும் அந்த டாக்டரிடம் இதை முதலில் சொல்லணும், அடங்கியிருந்த வைரஸ் கிளம்பிவிடும். ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவ் என்றால், "ஆர்என்ஏ பார்க்கலாமா?" என்று கேளுங்கள், வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்று அதுதான் சொல்லும். அதுவும் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலானோருக்கு 12 வாரம் மாத்திரையில் குணமாகும். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

சிரோசிஸ் என்று சொல்லிவிட்டால், எண்டோஸ்கோப்பி எப்போது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எந்தத் தேதி என்று குறித்து வாங்குங்கள். ப்ரோப்ரனோலால் (ஈரல் ரத்தக்குழாய் அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை) கொடுத்தால், "நாடித்துடிப்பு எவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்தணும்?" என்று கேளுங்கள். லாக்டுலோஸ் (மலம் இளக்கும் டானிக்) கொடுத்தால் நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகணும், அதற்கேற்ப அளவைக் கூட்டிக் குறைப்பது எப்படி என்று எழுதி வாங்குங்கள். ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், பகலில் தூங்கி ராத்திரி முழித்துக் குழப்பமாகப் பேசுவது, வயிற்று நீரோடு காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஓபி தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. ராத்திரியில் எந்த அவசரப் பிரிவுக்குப் போகணும் என்பதையும் அதே தாளில் எழுதி, மருந்துப் பையோடு கதவுப் பக்கம் மாட்டி வையுங்கள்.