யூசார்ட்டில் வெறும் குப்பை எழுத்து வருது, அவசரம்

சல்லிக்கடல்:
ஜிபிஎஸ் மொடியூலை எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர்ல யூசார்ட்டில (சீரியல் போர்ட்) கொளுவியிருக்கு. பஃபர்ல குப்பைதான் வருது. ரெண்டு பக்கமும் போட் ரேட் (செக்கனுக்கு எத்தின பிற்) 9600. டிரைவர் நானே எழுதினது. அனுப்புற கால் டிஎக்ஸையும் வாங்குற கால் ஆர்எக்ஸையும் வயரால இணைச்சா (லூப்பேக்) அனுப்பினது அப்படியே திரும்பி வருது, அதால கோட்ல பிழை இல்ல. விடிய திருகோணமலை கொட்பேயில படகில பூட்டணும். தெரிஞ்சவங்க கெதியா சொல்லுங்க.

கிண்ணியா_சோல்டர்:
கிரவுண்ட் ரெண்டுக்கும் பொதுவா இருக்கா? எனக்கு க்ளொக் துடிப்புத் தர்ற கிறிஸ்டலிலதான் சந்தேகம். நம்மட ஊர் உப்புக்காத்துக்கு, சோல்டர் பண்ணின ஃப்ளக்ஸ் கால் ரெண்டுக்கும் நடுவில மிச்சம் இருந்தா ஈரம் ஏறும். ஐசோபுரோபைல் அல்ககோலும் பழைய பல் பிரஷும் எடுத்து நல்லாத் தேய்ச்சுக் காயவிட்டுப் பாருங்க.

ரெஜிஸ்டர்_வாத்தி:
எஸ்டிஎம்32 எண்டு ஒரு சிப் இல்லைத் தம்பி, அது ஒரு குடும்பம். எந்தச் சிப், எந்த யூசார்ட், எந்த லைப்ரரி, வெளிக் கிறிஸ்டல் எத்தினை மெகாஹேர்ட்ஸ்? ஒண்டும் எழுதாமல் கெதியா எண்டால் எப்பிடி? மருந்துக்கடையில போய் "வருத்தம், மருந்து தாங்கோ" எண்டு கேக்கிற மாதிரி இருக்கு. லூப்பேக் சரியெண்டால் கோட் சரியெண்டு எந்த மானுவலில வாசிச்சனீர்?

பாலையூற்று:
லூப்பேக்கில அனுப்புறதும் வாங்குறதும் ஒரே க்ளொக். முழக்கோல் கட்டையா இருந்தாலும், அதாலயே அளந்து குடுத்து அதாலயே அளந்து வாங்கினா கணக்கு சரியாத்தான் வரும்.

ரெண்டு விசயம் பாருங்கோ. யூசார்ட்டின்ர எஸ்ஆர் (ஸ்டேட்டஸ்) ரெஜிஸ்டரில 1ஆம் பிற், ஃபிரேமிங் எரர் (முடிவு பிற் வரவேண்டிய இடத்தில வராத பிழை), ஏறுதா? மற்றது, எல்இடியைச் செக்கனுக்கு ஒருக்கா மினுக்க விட்டு, 60 மினுக்கலுக்கு எவ்வளவு நேரம் எண்டு போன் ஸ்டொப்வாட்சில அளவுங்கோ. டிஎக்ஸ் ஆர்எக்ஸ் மாறியிருந்தா குப்பைகூட வராது, அதால வயரைக் கழட்டி மாத்திக்கொண்டு இருக்க வேண்டாம்.

சல்லிக்கடல்:
எஃப்407. யூசார்ட்2. பழைய ஸ்டாண்டர்ட் லைப்ரரி. ஃபிரேமிங் எரர் ஏறுது. 60 மினுக்க 3 நிமிசம் 7 செக்கன். கிண்ணியா நானா, துடைச்சும் பாத்தன், அப்படியேதான்.

தட்டச்சன்:
கிறிஸ்டலையே விடுங்க. சிப்புக்கு உள்ளுக்கே எச்எஸ்ஐ எண்டு 16 மெகாஹேர்ட்ஸ் ஒசிலேட்டர் இருக்கு, 9600க்கு அது தாராளம்.

பாலையூற்று:
187 செக்கனை 60ஆல் பிரிச்சா 3.12. 25ஐ 8ஆல் பிரிச்சா 3.125. போர்டில இருக்கிற தகரக் கூட்டில 8.000 எண்டு பொறிச்சிருக்கோ பாருங்கோ.

அந்த லைப்ரரி 25 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டலை நம்பி எழுதினது. எச்எஸ்இ_வேல்யூ, அதாவது வெளிக் கிறிஸ்டலின்ர (எச்எஸ்இ) வேகம், 25000000. க்ளொக்கைப் பெருக்கிற பிஎல்எல் சுற்றுக்கு, பிரிக்கிற பிஎல்எல்_எம் 25, பெருக்கிற என் 336, திரும்பப் பிரிக்கிற பி 2. 25ஐ 25ஆல் பிரிச்சு 1, அதை 336ஆல் பெருக்கி 2ஆல் பிரிச்சா 168 மெகாஹேர்ட்ஸ். யூசார்ட்2க்குப் போற ஏபிபி1 க்ளொக் அதில நாலிலொண்டு, 42. அதை 9600ஆல் பிரிச்சு உங்கட டிரைவர் போட் ரேட் ரெஜிஸ்டர் பிஆர்ஆர்ல 4375 போடுது. ஆனா உள்ள போறது 8தான், அதால சிஸ்டம் க்ளொக் 53.76, ஏபிபி1 13.44. அதை 4375ஆல் பிரிச்சா 3072. மொடியூல் 9600ல பேச, நீங்க 3072ல கேக்கிறீங்க.

கிண்ணியா_சோல்டர்:
ஈரத்தால கிறிஸ்டல் மெதுவாகாதா?

பாலையூற்று:
மூண்டு மடங்கு மெதுவாகாது, நிண்டுபோகும். நிண்டால் இந்த லைப்ரரி எச்எஸ்ஐலயே 16ல நிக்கும். போட் ரேட் கணக்குப் பாக்கிற ஃபங்ஷன் அதைக் கண்டுபிடிச்சுடும், யூசார்ட் சரியா வேலை செய்யும். எல்இடிதான் 10.5 மடங்கு மெதுவாகும். இவருக்கு அப்பிடி நடக்கேல்ல.

ரெஜிஸ்டர்_வாத்தி:
தட்டச்சனுக்கு: எச்எஸ்ஐ 25 பாகையில 1 சதவீதம். 85 வரைக்கும் போனால் 4 சதவீதம் விலகலாம். பத்து பிற் ஃபிரேமில கடைசி பிற்றுக்கு வரேக்க அரைப் பிற் தள்ளினாலே பிழைச்சுப்போம், அதாவது ரெண்டு பக்கமும் சேர்த்து 5 சதவீதம்தான் முழு இடமும். எஞ்சினுக்குப் பக்கத்தில பூட்டுற பெட்டிக்குள்ள அதை நம்பிறதோ?

தட்டச்சன்:
மொடியூல் செக்கனுக்கு ஒரு பல்ஸ் தருதே. அதை டைமரில பிடிச்சு, எச்எஸ்ஐ வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற எச்எஸ்ஐட்ரிம்மைத் திருத்திக்கொண்டே போகலாம்.

ரெஜிஸ்டர்_வாத்தி:
சற்றலைட் பிடிக்க முதல் எதை வச்சுத் திருத்துவீர்? 8.000 எண்டு ஒரு கிறிஸ்டல் சும்மா கிடக்க, இவ்வளவு வேலை.

சல்லிக்கடல்:
8.000 தான். எச்எஸ்இ_வேல்யூவை 8000000 ஆக்கினன், ஜிபிஎஸ் வசனம் வருது!! ஆனா எல்இடி இன்னும் மெதுவாத்தான் மினுங்குது. பரவாயில்லையா?

பாலையூற்று:
பரவாயில்லை எண்டு விடாதீங்கோ. பிஎல்எல்_எம்மை மாத்தேல்ல. இப்ப கணக்கும் 53.76, உண்மையும் 53.76, பிஆர்ஆர் 1400 ஆகி போட் ரேட் பொருந்திட்டுது. ஆனா சிஸ்டம்கோர்க்ளொக் எண்ட மாறி 168000000 எண்டு எழுதிவச்சபடியே கிடக்கு. எல்இடிக்கு நேரம் எண்ணுற சிஸ்டிக் டைமர் அதைத்தான் பாக்குது.

இதைவிடப் பெரிய பிழை, பிஎல்எல்லுக்குள்ள போற அதிர்வெண் 1 முதல் 2 மெகாஹேர்ட்ஸுக்குள்ள இருக்கவேணும். உங்களுக்கு 0.32. மேசையில ஓடும், கடலில பிஎல்எல்லின்ர லொக் விட்டுப்போகலாம். பிஎல்எல்_எம்மை 8 ஆக்குங்கோ, மற்றதைத் தொடவேண்டாம்.

ஐடிஇயின்ர புரொஜெக்ட் செற்றிங்கிலும் எச்எஸ்இ_வேல்யூ இருக்கோ எண்டு பாருங்கோ. இருந்தால் ஹெடரில மாத்தினது எடுபடாது. கிளீன் பண்ணிட்டு முழுக்கத் திரும்ப பில்ட் பண்ணுங்கோ.

ரெஜிஸ்டர்_வாத்தி:
பிஏ8 காலில எம்சிஓ1 க்ளொக் வெளியீட்டைத் திறந்து எச்எஸ்இயை வெளிய எடுத்து ஸ்கோப்பில பாத்திருந்தா முதல் நிமிசத்திலயே முடிஞ்சிருக்கும்.

கிண்ணியா_சோல்டர்:
ஸ்கோப் இருக்கிறவருக்குச் சரி. கடலுக்குப் போற பெட்டியெண்டா கிறிஸ்டல் பக்கம் கன்ஃபோர்மல் கோட்டிங் (ஈரம் ஏறாமக் காக்கிற பூச்சு) அடிச்சிட்டுப் போங்க, அடிக்க முதல் நல்லாக் காயவிடணும். இண்டைக்கு இல்லாட்டி ஆறு மாசத்தில நான் சொன்னது நடக்கும்.

தட்டச்சன்:
கோட்டிங் அடிச்சா கிறிஸ்டலின்ர லோட் கெபாசிற்றன்ஸ் மாறாதா?

கிண்ணியா_சோல்டர்:
மாறினாலும் மில்லியனில சில பங்குதான். யூசார்ட் அதைக் கண்டுக்காது.

ரெஜிஸ்டர்_வாத்தி:
இதில கிண்ணியா சொல்றது சரி.

சல்லிக்கடல்:
60 மினுக்கல் 60 செக்கன். 0834, 08114 எண்டு வருது, அதாவது வடக்கு 8 பாகை 34 நிமிசம், கிழக்கு 81 பாகை 14 நிமிசம், திருகோணமலைதான். போறன்.

தட்டச்சன்:
எச்எஸ்ஐட்ரிம் ஒரு படிக்கு எத்தினை சதவீதம் எண்டு ஆராவது அளந்திருக்கிறீங்களா?