குறைமாதக் குழந்தையை நெஞ்சோடு கட்டுதல்: பார்த்ததைச் சொல்லுங்க

சப்சென்டர் அக்கா

குறைமாதக் குழந்தையைத் தோலோட தோல் படற மாதிரி நெஞ்சுல துணியால கட்டிக்கணும், நாளைக்கு எட்டு மணி நேரமாவதுன்னு (கங்காரு முறை) வார்டுல சொல்லி அனுப்பறாங்க. டிஸ்சார்ஜ் ஆன பிறகு வீட்டுல என்ன நடக்குதுன்னு வார்டுல இருக்கறவங்களுக்குத் தெரியறதில்ல, அதான் இந்தத் திரி.

பொண்ணு குழந்தை. 1,750 கிராம்ல வீட்டுக்கு வந்தது. அடுத்த வார விசிட்ல 1,760. கிலோவுக்கு தினம் 15 கிராம்னு பார்த்தாலும் 1,900 தாண்டியிருக்கணும். கட்டுற துணி மடிச்சு பீரோ மேல இருக்கு. குழந்தை தொட்டில்ல, மூணு துணி சுத்தி. புறங்கையால வயித்தைத் தொட்டா வெதுவெதுப்பு, பாதம் ஜில்லுனு இருக்கு. குளிர் தாக்க ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். குடிக்கிற பாலெல்லாம் உடம்பைச் சூடாக்கவே செலவாயிடும், எடை எங்கேருந்து ஏறும்? (வயிறும் சேர்ந்து ஜில்லுனு இருந்தா உடனே நெஞ்சோட கட்டி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்.)

ஏம்மா கட்டலைன்னு கேட்டதுக்கு அந்தப் பொண்ணு சொன்னது: "எட்டு மணி நேரம் நான் உக்காந்துட்டா அடுப்பை யாருக்கா பத்த வைப்பா?"

வார்டுல கத்துக்கொடுக்கறது தாய்க்கு மட்டும். மாமியாரும் புருஷனும் கேட்டுக்கு வெளிய நிக்கறாங்க. வீட்டுக்குப் போனா அவங்க கண்ணுக்கு இவ சும்மா உக்காந்திருக்கா.

நைட் டூட்டி

கேட் விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. ஆனா சரியா கட்டத் தெரியாம எட்டு மணி நேரம் உக்காந்தும் பிரயோஜனம் இல்ல.

நடுராத்திரி ஒரு தாய் கட்டினபடியே கண் அசந்துட்டாங்க. குழந்தையோட தாடை நெஞ்சுல இடிச்சு, கழுத்து மடங்கி, உதடு கருத்துப்போச்சு. தாடையை ரெண்டு விரலால தூக்கிவிட்டதும் மூச்சு வந்து நிறம் திரும்பிடுச்சு. கன்னத்துல பார்த்தா தாலிக்குண்டு அச்சு அப்படியே பதிஞ்சிருக்கு. கழற்றச் சொன்னா யாரும் கழற்ற மாட்டாங்க, சொல்லவும் வேண்டாம். செயினோ மஞ்சக்கயிறோ, முதுகுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கச் சொன்னா போதும்.

கட்டுற முறை: குழந்தைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும். சட்டை போட்டே ஆகணும்னா கையில்லாதது, முன்பக்கம் திறந்தது. ரெண்டு மார்புக்கும் நடுவுல நிமிர்த்தி வைக்கணும். தலை ஒரு பக்கம் திரும்பி, தாடை லேசா மேல தூக்கினாப்ல இருக்கணும். தொடை ரெண்டும் தவளை மாதிரி அகண்டு மடங்கணும். துணியோட மேல் விளிம்பு குழந்தையோட காதுக்குக் கீழ வந்து நிக்கணும். இறுக்கம் நெஞ்சு பக்கம்தான், வயித்துப் பக்கம் குழந்தை மூச்சு விட இடம் வேணும். பழைய நாலு முழ வேட்டி இதுக்கு நல்லா உதவும். புதுத் துணி வழுக்கி முடிச்சு இறங்கிடும். தாய் மல்லாக்கப் படுக்கக் கூடாது, முதுகுக்குத் தலையணை குடுத்து 30 முதல் 45 டிகிரி சாய்வா இருக்கணும். ஒரு தடவை கட்டினா ஒரு மணி நேரமாவது அவிழ்க்காதீங்க. சும்மா சும்மா எடுத்து வெச்சா குழந்தைக்கு அதுவே அலுப்பு.

பாலாடை

சப்சென்டர் அக்கா, கட்டாததுதான் காரணம்னு எப்படி அவ்வளவு சீக்கிரம் முடிவு பண்ணீங்க? முதல்ல எந்தத் தராசு? தொங்கவிடற ஸ்பிரிங் தராசுல ஒரு கோடே 100 கிராம். வார்டுல டிஜிட்டல்ல எடுத்ததையும் வீட்டுல ஸ்பிரிங்ல எடுத்ததையும் ஒப்பிட்டா ஏறினதும் தெரியாது, இறங்கினதும் தெரியாது. ஒரே தராசு, துணியில்லாம, பால் கொடுக்கறதுக்கு முன்னாடி, அதே நேரம். அதுக்கப்புறம் பேசுவோம்.

நான் பார்த்தது சின்ன விஷயம்தான். பாட்டி ஒருத்தர் பாசத்துல பாலாடையை (பால் புகட்டற மூக்கு வெச்ச கிண்ணம்) அப்படியே தொண்டைக்குள்ள கவிழ்த்தாங்க. புரை ஏறி குழந்தை நீலம் பாரிச்சுப்போச்சு. முதுகைத் தட்டித் திருப்பினதுல தப்பிச்சது.

அளவைச் சொல்லிடறேன், யாரும் கேட்கலைன்னாலும். வளர ஆரம்பிச்ச 1,600 கிராம் குழந்தைக்கு கிலோவுக்கு 150 மில்லி கணக்குல ஒரு நாளைக்கு 240 மில்லி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம்னா 12 வேளை, வேளைக்கு 20. (முதல் நாள் இவ்வளவு கிடையாது, கிலோவுக்கு 60ல ஆரம்பிச்சு டாக்டர் சொல்றபடிதான் ஏத்தணும்.) குழந்தையைப் பாதி நிமிர்த்தி மடியில வெச்சு, பாலாடை மூக்கைக் கடைவாயில வெச்சு, சொட்டுச் சொட்டா விடணும். முழுங்கினது தெரிஞ்ச பிறகுதான் அடுத்த சொட்டு. வேளைக்கு வேளை பாலாடையைக் கழுவிக் கொதிக்க வைக்கணும்.

பால் பீச்சறது எல்லாத்தையும் விட முக்கியம். பிறந்த முதல் மணி நேரத்துலயே தொடங்கிடணும், ஒரு நாளைக்கு எட்டுத் தடவைக்குக் குறையக் கூடாது, ராத்திரி கட்டாயம். பால் சுரக்கவைக்கிற ஹார்மோன் ராத்திரியிலதான் கூடுதல். "பாவம், தூங்கட்டும்"னு விட்டா நாலு நாள்ல பால் வத்த ஆரம்பிக்கும். காம்புலேருந்து ஒரு இன்ச் தள்ளி கட்டைவிரல் மேல, ஆள்காட்டி விரல் கீழ. நெஞ்சுப் பக்கமா அழுத்தி, பிறகு சேர்த்து அமுக்கி, விடணும். தோல் மேல விரலை வழிச்சு இழுத்தா புண்ணாகும், பால் வராது. முதல் ரெண்டு நாள் சில மில்லிதான் வரும், அந்தச் சீம்பாலைக் கீழ ஊத்திடாதீங்க. பீச்சின பால் நம்ம ஊர் வெக்கைக்கு வெளிய நாலு மணி நேரம், ஃபிரிட்ஜ் உள்தட்டுல ஒரு நாள். ஃபிரிட்ஜ் கதவுல வைக்கவே கூடாது. சேனைத் தண்ணி, தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தேன்ல இருக்கிற கிருமி விதை ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு விஷமாகலாம்.

தகப்பன்சாமி

எல்லாரும் தாய், தாய்னு எழுதறீங்க. தாய் ஐ.சி.யூ.ல கிடந்தா?

பிரசவத்துக்கு முன்னாடியே வலிப்பு, ஆபரேஷன், தாய் மேல் மாடி ஐ.சி.யூ.ல. கீழ குழந்தை 1,400 கிராம். அப்பாவை உள்ளே விடலாமான்னு அரை நாள் வாக்குவாதம். கடைசியில மனுஷன் குளிச்சு, சட்டையைக் கழற்றி நாற்காலியில உட்கார்ந்தார். குழந்தையை நெஞ்சுல வெச்சதும் அவரோட கை ரெண்டும் அந்தரத்துல நின்னுது, தொடவே பயம். சிஸ்டர் அந்தக் கையைப் பிடிச்சு குழந்தை முதுகு மேல வெச்சாங்க. நான் பார்த்ததுல மறக்காதது அந்தக் கை.

ஆம்பளை நெஞ்சு ரோமம் தடையே இல்ல. பீடி, சிகரெட் பிடிச்ச சட்டையோட வரக்கூடாது. சென்ட் கூடாது. சளி, காய்ச்சல், தோல்ல சொறி இருந்தா வேற ஆள்.

இந்த முறையே இல்லாமையில பிறந்ததுதான். 1978ல கொலம்பியாவோட பொகோட்டாவுல இன்குபேட்டர் போதாம, எட்கர் ரே சனாப்ரியாங்கற டாக்டர் தாயோட நெஞ்சையே இன்குபேட்டராக்கினார். 2021ல வெளிவந்த ஆய்வு இந்தியாவையும் சேர்த்து ஐந்து நாடுகள்ல நடந்தது. ஒரு கிலோவுலேருந்து 1,799 கிராம் வரை உள்ள குழந்தைகள். உடம்பு நிலைப்படட்டும்னு காத்திராம பிறந்த உடனே ஆரம்பிச்ச பக்கம் முதல் 28 நாள் சாவு கால்வாசி குறைஞ்சது. அங்கே குழந்தைங்களோட தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டாங்க, மாற்று ஆளுக்கும் அனுமதி. 2022லேருந்து உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம். ஒரு பொம்பளை தனியா எப்படிங்க முடியும்?

வராண்டா பெஞ்ச்

@பாலாடை, உங்களுக்கு ஒண்ணு. பாட்டியை வில்லி ஆக்காதீங்க. அந்தப் பாட்டிக்கு யாராவது பாலாடை பிடிக்கக் காட்டினாங்களா?

நான் பார்த்த பாட்டி ஒருத்தர் தீட்டு ரூமையே காவலாக்கினவங்க. "தீட்டு இருக்கு, உள்ள வராதீங்க"ன்னு 40 நாள் ஊரையே வாசல்ல நிறுத்தினாங்க. மருமக ஜாக்கெட் ஹூக்கைத் திறந்துபோட்டு நாள் முழுக்க நிம்மதியா கட்டிக்கிட்டு இருந்தா. ஆள் வந்து போற வீட்டுல அது நடக்காது, வெட்கத்துலயே துணியை அவிழ்த்துடுவாங்க. அதே பாட்டிகிட்ட தலைக்குத் தண்ணி ஊத்தறதை நிறுத்தச் சொல்லத்தான் பாடுபட வேண்டியிருந்தது. ரெண்டரை கிலோ வர வரைக்கும் ஈரத்துணியால துடைச்சாலே போதும். மூக்குல ஊதறதும் காதுல எண்ணெய் விடறதும் என்னைக்குமே கூடாது.

மே மாச வெயில்ல எதுக்குக் கட்டணும்னு அடுத்து யாரோ கேக்கப் போறீங்க. சூட்டுக்காக மட்டும் இல்ல. மூச்சு சீராகுது, பால் ஊறுது, தாயோட கிருமி பழகறதால ஆஸ்பத்திரிக் கிருமி ஒட்டறது குறையுது. மெல்லிசு துணியில கட்டுங்க, ஃபேன் காத்து நேரா அடிக்க வேண்டாம்.

சப்சென்டர் அக்கா

@பாலாடை, தராசு டிஜிட்டல்தாங்க, அஞ்சு கிராம் வரை காட்டும்.

@தகப்பன்சாமி, அந்த வீட்டுல இப்ப காலை சமையல் மாமியார். சாயங்காலம் ஆறுலேருந்து எட்டு வரை அப்பா கட்டிக்கிறார், அந்த நேரத்துல இவ சாப்பிட்டுக் குளிக்கிறா. மதியம்தான் ஆளில்ல. தறிக்குப் போற வீடு.

நைட் டூட்டி

மதியத்துக்குப் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட வேண்டாம்க்கா. அந்தப் பொண்ணே கட்டினபடியே நடக்கலாம், உக்காந்து காய் நறுக்கலாம். அடுப்புகிட்ட மட்டும் போகக் கூடாது.

இன்னொண்ணு, வைட்டமின் டி சொட்டு மருந்து பாட்டிலை வாங்கிப் பாருங்க. ஒரு மில்லியில 400 யூனிட் உள்ளதும் இருக்கு, 800 உள்ளதும் இருக்கு. நாளைக்கு 400னு சீட்டுல எழுதியிருந்து 800 பாட்டில் கையில இருந்தா அரை மில்லிதான்.