இணையவழிக் கலந்துரையாடலில் அரசுப் பள்ளி மாணவர்கள் பேச முன்வருவதில்லை: வழி வேண்டும்

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு இயற்பியல் நடத்துகிறேன். வார இறுதியில் கூகுள் மீட் வழியே நடக்கும் கலந்துரையாடலில் நகரத்து ஆங்கிலவழிப் பள்ளிகளில் படித்தவர்கள் மட்டுமே பேசுகிறார்கள். 2021 முதல் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள், ஆய்வகத்தில் நேரில் கூர்மையான கேள்விகள் கேட்பவர்களாக இருந்தும், இங்கே மைக்கைத் திறப்பதே இல்லை.

தமிழிலேயே பேசலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். பெயர் சொல்லி அழைத்தபோது சிலர் இணைப்பைத் துண்டித்ததோடு அடுத்த வகுப்புக்கும் வரவில்லை. பெயரின்றிக் கூகுள் படிவத்தில் எழுதச் சொன்னதும் நல்ல கேள்விகள் வந்தன. ஆனால் ஒருவர் கருத்துக்கு மற்றவர் மறுமொழி சொல்லும் உரையாடலாக அவை வளரவில்லை. வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசியைத் தம்பி தங்கையோடு பகிர்வதும், ஒற்றை அறையில் குடும்பத்தார் முன்னிலையில் பேசக் கூச்சப்படுவதும் காரணங்கள் என்று மாணவிகள் சிலர் தனியே கூறினார்கள். இணையத் தரவு தீர்ந்துபோவது சிறிய சிக்கல்தான். வகுப்பின் ஒலிப்பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சமாளிக்கிறோம்.

மதிப்பெண்ணைக் காட்டி வற்புறுத்தாமல், இம்மாணவர்களைத் தங்கள் பெயரோடு ஒருவருக்கொருவர் பதில் சொல்ல வைப்பதற்கு உங்கள் வகுப்பில் பலன் தந்த முறை எது?