அந்த 64 கட்டுரைகள் எங்கே?

அடிவாரத்தான்:
ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒரு ஆய்வாளருக்குப் பாராட்டு விழா. 'புயல், வெள்ள ஆபத்து மதிப்பீட்டில் 64 ஆய்வுக் கட்டுரைகள்' என்று பேனர். அதைப் படமெடுத்து 'நம்ம ஊர்ப் பெருமை' என்று இந்தக் குழுவில் போட்டிருக்கிறார்கள். பார்த்ததும் வயிறெரிந்துபோய் உட்கார்ந்து எண்ணினேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அவர் பெயரில் 64 வரி வருவது உண்மை. ஆனால் மாநாட்டில் வாசித்தது ஒரு வரி, அதையே நீட்டி இதழில் போட்டது இன்னொரு வரி. அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடும் ஒரு வரி. அதே பெயர், அதே இனிஷியல் உள்ள வேறொருவரின் பல் மருத்துவக் கட்டுரைகள் இரண்டும் உள்ளே கிடக்கின்றன. தேர்ந்தெடுத்த இதழ்களையும் மாநாடுகளையும் மட்டும் பட்டியலிடும் ஸ்கோபஸில் 23தான். 64 எங்கிருந்து வந்தது?

முன்னாள் மாணவி:
படம் போட்டது நான்தான். அவர் என் வழிகாட்டி. சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஒரு பக்கம் திருமணிமுத்தாறாகக் காவிரிக்கும், மறுபக்கம் வாணியாறாகத் தென்பெண்ணைக்கும் போகிறது. மலையின் மழையை வைத்துத்தான் கீழே உள்ள ஊர்களின் ஆபத்தைக் கணக்கிட வேண்டும் என்று பல வருடங்களாக எழுதிவருபவர். 2024 டிசம்பர் 2 காலை வரையான ஒரே நாளில் ஏற்காட்டில் 24 செ.மீ. மழை, அரூரில் 33, ஊத்தங்கரையில் 50. மலைப்பாதை சரிந்து போக்குவரத்தே நின்றது. அப்போது அவர் எழுதியதைத்தான் நான் மறுபடி எடுத்துப் படித்தேன், எண்ணிக்கையை அல்ல.

அடிவாரத்தான்:
அந்தக் கட்டுரையை நானும் படித்தேன், நல்ல கட்டுரை. நான் கேட்டது அது இல்லை. 64 என்று ஏன் போட்டீர்கள்?

நாகலூர் காபி:
ஒரு நிமிஷம். 'ஆபத்து மதிப்பீடு' என்று எதைச் சொல்கிறோம்? எவ்வளவு மழை பெய்யும் என்பது ஒன்று. தண்ணீர் போகும் வழியில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. அவர்களால் எவ்வளவு தாங்க முடியும் என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் பார்த்த கட்டுரைகள் எத்தனை என்று முதலில் பிரித்துவிட்டு...

அடிவாரத்தான்:
அதெல்லாம் அப்புறம். முதலில் 64க்குப் பதில் வரட்டும்.

செவ்வாப்பேட்டை:
எண்ணிக்கையை விடுங்கள், பேனரில் 'புயல்' என்ற தலைப்பே தப்பு. அந்த மழையைக் கொண்டுவந்த ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோதுதான் புயல். டிசம்பர் 1 பகலிலேயே ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக வலுவிழந்துவிட்டது. காற்று மணிக்கு 62 கி.மீ. தொட்டால்தான் புயல் என்று பெயர். ஊத்தங்கரையைப் புயல் ஆபத்துக் கணக்கில் சேர்ப்பது எந்த ஊர் நியாயம்?

முன்னாள் மாணவி:
ஊத்தங்கரையில் ஏரித் தண்ணீர் வேன்களையும் கார்களையும் அடித்துக்கொண்டு போனதே, அந்த வண்டிக்காரரிடம் போய் இது புயல் இல்லை, தாழ்வு மண்டலம் என்று சொல்லிப் பாருங்கள் அண்ணா. அதே டிசம்பர் 2இல் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். காற்று ஓய்ந்த பிறகு வந்த தண்ணீர்தான் அதிகம் அழித்தது.

செவ்வாப்பேட்டை:
சாத்தனூர் திருவண்ணாமலை மாவட்டம், ஊத்தங்கரை கிருஷ்ணகிரி. சேலத்தைப் பற்றிப் பேசுங்கள். மழை வந்தால் பச்சப்பட்டியில் வீட்டுக்குள் நிற்கும் தண்ணீருக்கு எந்தக் கட்டுரை பதில் சொன்னது?

நாகலூர் காபி:
தண்ணீருக்கு மாவட்ட எல்லை தெரியாது. முன்பு இங்கே நடந்த மாம்பழச் சண்டையிலும் நீங்கள் இப்படித்தான் எல்லை பிரித்தீர்கள்.

செவ்வாப்பேட்டை:
அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? மல்கோவா விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. இன்னமும் அதே பேச்சுதான்.

அடிவாரத்தான்:
மாம்பழத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 64. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாக ஆர்கிட் (ORCID) எண் என்று 16 இலக்கத்தில் ஒன்று 2012இலிருந்தே இருக்கிறது, பெயர் குழம்பாமல் இருக்கத்தான். அதில் தன் பட்டியலை ஒரு நாள் உட்கார்ந்து சரி செய்தால் பல் மருத்துவம் தானாகப் போய்விடும். ஏன் செய்யவில்லை? சரி, என் கதையையும் சொல்கிறேன். மூன்று மழைக்காலம் திருமணிமுத்தாற்றங்கரையில் வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற தடத்தை நாடா பிடித்து அளந்தவன் நான். வேறொரு கல்லூரி, வேறொரு வழிகாட்டி. கட்டுரை வந்தபோது என் பெயர் நாலாவதாக இருந்தது. முன்னால் இருந்த மூவரில் இருவர் அந்தக் கரையை மிதித்ததே இல்லை. அவர்கள் பட்டியலிலும் இன்றைக்கு அது ஒரு எண். அதனால்தான் எனக்கு எண்ணிக்கை முக்கியம்.

முன்னாள் மாணவி:
உங்களுக்கு நடந்தது அநியாயம். அந்தக் கோபத்தை ஏன் என் வழிகாட்டி மேல் இறக்குகிறீர்கள்? அவர் என் பெயரை முதலில் போட்டவர்.

அடிவாரத்தான்:
எத்தனை கட்டுரையில்? 64இலுமா?

முன்னாள் மாணவி:
மாநாட்டுக் கட்டுரையும் கட்டுரைதான். இரவெல்லாம் விழித்து எழுதியது. பேனரில் 64 என்றுதான் இருக்கும்.

அடிவாரத்தான்:
23. மீதி 41இன் தலைப்புகளையும் நாளைக்கு வரிசையாக இங்கே போடுகிறேன்.

முன்னாள் மாணவி:
போடுங்கள். பல் மருத்துவத்தையும் சேர்த்தே போடுங்கள்.

செவ்வாப்பேட்டை:
போடும்போது எதில் 'புயல்' என்று தப்பாக எழுதியிருக்கிறது என்பதையும் குறித்துவிடுங்கள்.