ஆக்டோபஸுக்கு ஆறு கை போதுமா?

கணக்குப்பிள்ளை:
எழுத்தாளர்களின் தினசரி வழக்கம் பற்றிய இழையில் நம்ம மைக்கூடு அண்ணன் நேற்று ஒன்று அருளியிருந்தார். அங்கே பதில் போட்டால் தலைப்பை விட்டு விலகாதே என்பார், அதனால் தனி இழை. அவர் சொன்னதன் சாரம்: 1955இல் வந்த ‘இட் கேம் ஃப்ரம் பினீத் தி சீ’ படத்துக்கு பொம்மைகளைத் துளித்துளியாக நகர்த்திப் படமெடுக்கும் ரே ஹாரிஹவுசன் செய்த ராட்சத ஆக்டோபஸ் பொம்மைக்கு ஆறு கைதான், படம் பார்த்தவர்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, எனவே மாயாஜால நாவல் எழுதுகிறவனும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

அதாவது நமக்கு எண்ணத் தெரியாது. ஐயா, ஆக்டோபஸ் என்றால் எட்டு. பெயரிலேயே எட்டு இருக்கிறது.

மைக்கூடு:
‘வாசகனுக்கு எண்ணத் தெரியாது’ என்று நான் எழுதவே இல்லை. ‘எண்ண விடக்கூடாது’ என்று எழுதினேன். இந்த வித்தியாசம் புரியாமல் நாவல் விமர்சனம் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி அல்ல.

ஆறு கை ஏன்? பட்ஜெட் இல்லை. ஹாரிஹவுசனே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொன்ன விஷயம்தான். உள்ளே மூட்டு மூட்டாக உலோகக் கூடு, மேலே ரப்பர். ஒரு பிரேமுக்கு ஒவ்வொரு கையையும் துளி நகர்த்தி, கேமராவுக்குப் போய் ஒரு படம் எடுத்து, திரும்ப வந்து நகர்த்த வேண்டும். நொடிக்கு 24 பிரேம். எட்டுக் கைக்கு 192 நகர்த்தல், ஆறு கைக்கு 144. ஒரு நொடிக்கு 48 மிச்சம்! பொம்மையை அசைத்ததெல்லாம் அநேகமாக அந்த ஒரே மனிதர்.

என் வேலையும் அதுதான். காலை நான்கு மணிக்கு உட்காருகிறேன். நேற்று ஒரு பறவை மனிதன் குறுகலான படியில் இறங்க வேண்டும். சிறகை எங்கே வைப்பான்? மடித்தால் பின்னால் படிப்படியாக இடித்துக்கொண்டு வரும், விரித்தால் சுவரில் உரசும். இரண்டு மணி நேரத்தில் பதினொரு வரி வந்தது. அதில் ஏழு வரியை அடித்துவிட்டேன். எதைக் காட்டாமல் விடுவது என்பதுதான் அந்த இரண்டு மணி நேரமும்.

பழைய_ரீல்:
படத்தை இப்போதுதான் மறுபடி போட்டுப் பார்த்தேன். கோல்டன் கேட் பாலத்தைப் பிடித்து உலுக்கும்போது பாதி உடம்பு தண்ணீருக்குள் இருக்கிறது. மிச்சம் இரண்டு கை அங்கே இருப்பதாக வைத்துக்கொண்டால் போயிற்று.

கணக்குப்பிள்ளை:
தண்ணீருக்குள் இருப்பதை யாரும் செய்யவில்லை. செய்தது ஆறு. ஆறு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று அல்லவா? அப்புறம் எப்படி அது ஆக்டோபஸ்?

சும்மா_வந்தேன்:
அவை கைகளா, உணர்கொம்புகளா? முதலில் அதைத் தெளிவாக்கிக்கொண்டால்...

தூங்காநிலா:
ஆறோ எட்டோ, அந்தக் காலத்து பொம்மைகள் வெட்டி வெட்டித்தான் நடக்கும். எதற்கு இப்படிக் கோயில் கட்டுகிறீர்கள்? 1993இல் ‘ஜுராசிக் பார்க்’ வந்து கதையை முடித்துவிட்டது.

மைக்கூடு:
வெட்டி வெட்டி நடப்பது ஏன் என்று தெரியுமா? ஷட்டர் திறந்திருக்கும்போது பொம்மை அசையாமல் நிற்கிறது. ஓடுகிற மனிதனின் கால் படத்தில் கொஞ்சம் கலங்கலாகத் தெரியும், பொம்மையின் கால் கலங்காது. அதைச் சரிசெய்யத்தான் இதே பொம்மை வேலைக்காரரான பில் டிப்பெட்டின் குழு 1981இல் ‘டிராகன்ஸ்லேயர்’ படத்தில் படம் பதிவாகும்போதே மோட்டார் வைத்து டிராகனை நகர்த்தியது. நீங்கள் கும்பிடும் ஜுராசிக் பார்க்கிலும் அதே டிப்பெட்தான். மூட்டுகளில் சென்சார் வைத்த டைனோசர் கூட்டைப் பொம்மலாட்டக்காரர்கள் கையால் நகர்த்த, கணினி அதைப் பின்தொடர்ந்த காட்சிகள் அதில் உண்டு. கதை முடியவில்லை, கை மாறியது.

1963இல் ‘ஜேசன் அண்ட் தி ஆர்கோனாட்ஸ்’. மூன்று மனிதர்களோடு ஏழு எலும்புக்கூடுகள் வாள் வீசுகின்றன. அந்த ஒரு சண்டைக்கு நாலரை மாதம். சில நாட்களில் 13 பிரேம்தான் தேறுமாம், திரையில் அரை நொடி. நான் ஒரு நாளைக்கு 300 வார்த்தை எழுதினால் மட்டும் இங்கே சோம்பேறிப் பட்டம்.

கணக்குப்பிள்ளை:
எலும்புக்கூடு ஏழு என்று எண்ணித்தானே சொல்கிறீர்கள்? அங்கே எண்ணலாம், ஆக்டோபஸில் எண்ணக்கூடாதா?

எண்ணுவது என்று வந்தபிறகு இதையும் கேட்டுவிடுகிறேன். உங்கள் மூன்றாம் பாகத்தில் ஒற்றைக்கண் தளபதி ‘இரு கண்களும் சிவக்க’ எழுந்து நிற்கிறான். இன்னொரு கண் தண்ணீருக்குள் இருந்ததா?

மைக்கூடு:
அது அச்சுப்பிழை.

தூங்காநிலா:
ஒரு கண்ணே அச்சுப்பிழையா! 😂

மைக்கூடு:
திருத்திய பதிப்பில் இல்லை. வாங்கிப் படிப்பவர்களுக்குத் தெரியும். கணக்குப்பிள்ளையின் கோபம் கண்ணைப் பற்றியதும் அல்ல, கையைப் பற்றியதும் அல்ல. போன வருடம் இங்கே அவர் போட்ட சிறுகதையை நான் ‘நீளம்’ என்று ஒரே வார்த்தையில் சொன்னேன். அன்றிலிருந்து என் பக்கங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
கதை நீளம்தான். ஆனால் அதில் எல்லோருக்கும் இரண்டு கண்.

பழைய_ரீல்:
சண்டை வேண்டாமே. 1933 ‘கிங் காங்’கில் ரோமம் தானாகச் சிலிர்க்கும், கவனித்திருக்கிறீர்களா? பிரேமுக்குப் பிரேம் பொம்மையைத் தொட்ட விரல்களின் தடம் அது. பார்த்தவர்கள் காங்குக்குக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மைக்கூடு:
இதைத்தான் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
நேற்றிலிருந்து நீங்கள் சொன்னது ஆறு.

சும்மா_வந்தேன்:
எல்லோரும் வெளிநாட்டுப் படமாகவே பேசுகிறீர்கள். 1957 ‘மாயா பஜார்’, மார்கஸ் பார்ட்லி கேமரா. ரங்காராவ் வாய்க்குள் லட்டு தானாகப் பறந்து போகும். யாராவது லட்டை எண்ணினோமா?

கணக்குப்பிள்ளை:
லட்டுக்கு இத்தனைதான் என்று கணக்கு கிடையாது. ஆக்டோபஸுக்கு உண்டு.

தூங்காநிலா:
லட்டுக்குத் தனி இழை திறவுங்கள், நானும் வருகிறேன்.

மைக்கூடு:
நாளை நான்கு மணிக்கு எழ வேண்டும், இதுவே என் கடைசிப் பதிவு. ஆறு கையோடு அது பாலத்தையே முறித்தது. எட்டுக் கை வரட்டும் என்று காத்திருந்தால் படமே வந்திருக்காது.

மைக்கூடு:
இன்னொன்று. அந்தப் பாலத்தில் படம்பிடிக்க நகர நிர்வாகம் அனுமதி தரவில்லை. பாலத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை போய்விடுமாம். அவர்கள் பயந்ததும் ஆறு கைக்குத்தான்.

கணக்குப்பிள்ளை:
அவர்களிடம் எட்டு என்று சொல்லியிருப்பார்கள்.

பழைய_ரீல்:
கடைசிப் பதிவுக்கு அப்புறம் ஒன்று வந்தாயிற்று. அண்ணே, அந்தப் பறவை மனிதன் இறங்கிவிட்டானா?

மைக்கூடு:
இல்லை. இன்னும் மூன்று படி இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
மொத்தம் எத்தனை படி?