வெலிங்டன், அருவங்காடு பக்கம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா?

எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு ஒன்றரை வயது. வீடு வெலிங்டன். எனக்கு ஊட்டியில் ஒரு ஓட்டலில் கணக்கு வேலை, அவர் குன்னூரில் மருந்துக் கடையில் இருக்கிறார். இதுவரை மாமியார் பார்த்துக்கொண்டார். மூட்டுவலிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் மேட்டுப்பாளையம் போய்விட்டார்.

இப்போது விடும் காப்பகத்தில் மாதம் 6,500 ரூபாய். அதுகூடப் பரவாயில்லை. மாலை ஐந்தரையைத் தாண்டினால் அரை மணிக்கு 100 ரூபாய் தனி. சீசனில் பஸ் கேத்தியைத் தாண்டுவதே பெரும்பாடு, அங்கே நோட்டில் நேரம் ஏறிக்கொண்டே இருக்கும். மழை மாதத்தில் துணி காயாது என்று தினமும் ஆறு செட் உடுப்பு, இரண்டு ஸ்வெட்டர் கேட்கிறார்கள். டயப்பர் செலவு வேறு. எல்லாம் சேர்த்தால் என் சம்பளத்தில் பாதி காலி. (“வேலையை விட்டுடேன்” என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம், வீட்டுக் கடன் தவணை என் சம்பளத்தில்தான் போகிறது.)

அங்கன்வாடிக்கு இரண்டு வயது ஆக வேண்டும், அதன் நேரமும் எங்களுக்கு ஒத்து வராது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் ஓட்டலில் 30 பேர்கூடத் தேறாது!

வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் அக்கா யாராவது தெரியுமா? இரவு ஏழு மணி வரை வேண்டும். இப்போது என்ன சம்பளம் கொடுக்கிறார்கள்? எஸ்டேட் காப்பகங்களில் வெளிக் குழந்தைகளைச் சேர்ப்பார்களா? இதே வயதுக் குழந்தை உள்ளவர்கள் சேர்ந்து ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றாலும் சரி, இன்பாக்ஸில் சொல்லுங்கள்.